சுண்டிக்குளத்துப் பறவையும் கமக்காரனின் தண்ணீரும்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் யாழ்ப்பாணத்துப் படித்த குடும்பங்கள் பல தீவின் மறுகோடியிலுள்ள யால வனத்துக்குப் பயணமாகின்றன. வாகனம் அமர்த்தி, கட்டுச்சோறு கட்டி, இரவிரவாக ஓடி, விடியற்காலையில் ஜீப் வண்டிகளின் வரிசையில் காத்திருந்து, முன்னே போன வண்டி கிளப்பிய புழுதியினூடே ஒரு சிறுத்தையின் வாலைக் கண்டு திரும்புகின்றன. அதனைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. காட்டைக் காணும் ஆசை நல்ல ஆசையே. ஆயினும், ஆனையிறவுத் தாம்போதியால் ஆயிரம் முறை சென்று வந்த இக்குடும்பங்களுள் எத்தனை, அத்தாம்போதியின் கிழக்கே விரிந்து கிடக்கும் கடனீரேரி எங்கே போய் முடிகின்றது என்று ஒரு நாளேனும் இறங்கிப் பார்த்திருக்கும்?

அது சுண்டிக்குளத்தில் முடிகின்றது. வன்னியின் நடுவிலிருந்து வரும் கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பி, மிஞ்சிய நீரை இந்த ஏரியில் கொட்டுகின்றது. மாரியில் ஏரி நன்னீர் கலந்து பெருகும். சுண்டிக்குளத்து மணற்றிட்டை உடைத்துக்கொண்டு வங்கக் கடலோடு சேரும். கோடையில் வற்றி உவர்வெளியாகும், உமரி படரும். இந்த இரண்டு நிலையும் மாறி மாறி வருவதனாலேயே அவ்விடத்துக்கு உயிர். இறால் கடலிலே முட்டையிடுகின்றது. அதன் குஞ்சு தொடுவாய் வழியே ஏரிக்குள் வந்து கண்டல் வேர்களுக்கிடையே வளர்ந்து மீண்டும் கடலுக்குப் போகின்றது. உவர்நீரில் உண்டாகும் நுண்ணுயிர்களைச் சலித்துத் தின்னப் பூநாரை வருகின்றது. மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் ஊசிவால் வாத்தும் உள்ளான் வகைகளும் ஐப்பசி, கார்த்திகை தொடங்கி வந்திறங்கிப் பங்குனி வரை தங்குகின்றன. கூழைக்கடாவும் கரண்டிவாயனும் செங்கால் நாரையும் அவற்றோடு சேர்ந்து மேய்கின்றன.

அன்னியர் ஆட்சியிலேயே, 1938ஆம் ஆண்டில், இவ்விடம் பறவைச் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அப்பொழுது அதன் பரப்பு 11,149 ஹெக்டயர். நம்மவர் கணக்கில் 27,550 ஏக்கர். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அது தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பரப்பு 19,565 ஹெக்டயராயிற்று, அதாவது 48,000 ஏக்கருக்கும் மேல். ஆதாம் பாலம், நெடுந்தீவு, மடு வீதி ஆகியனவும் அதே ஆண்டிலேயே தேசியப் பூங்காக்களாயின. அடுத்த ஆண்டில், 2016இல், மன்னார்க் கரையில் விடத்தல்தீவும் வடமராட்சி கிழக்கில் நாகர்கோவிலும் இயற்கை ஒதுக்கிடங்களாயின. யுத்தம் முடிந்து ஆறேழு ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் கரையோரத்தில் பெரும்பகுதி ஒரு திணைக்களத்தின் வரைபடத்தில் பச்சை நிறம் பூசப்பட்டது. படித்தவர்களுள் பெரும்பாலோர் இச்செய்தியைப் பத்திரிகையில் வாசித்து மறந்தனர். கமக்காரரும் கடற்றொழிலாளரும் மறக்கவில்லை. அவர்களுக்கு அது செய்தியாக வரவில்லை. எல்லைக் கல்லாக வந்தது.

சென்ற தை மாதத்தில் மருதங்கேணி, கட்டைக்காடு வழியே கடலோரமாகச் சுண்டிக்குளம் சென்றிருந்தோம். உடன் வந்தோர் இருவர். ஒருவர் நீர்ப்பாசன வேலையில் முடி நரைத்து இளைப்பாறிய பொறியியலாளர். மற்றவர் கண்டாவளைப் பக்கத்துக் கமக்காரர். வயது எழுபதைத் தாண்டியவர். தூரத்தில் நீர்மட்டத்தின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பூநாரைக் கூட்டம் அது. கிட்டே போகாமல் நின்று பார்த்தோம். பொறியியலாளர் தமது தூரதரிசினியைக் கமக்காரரிடம் கொடுத்தார். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்பொழுது அவர் சொன்னது இது: "ஐயா, இந்தப் பறவைக்கு இருக்க இடம் வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. எங்கட காணி எந்தக் கல்லோட முடியுது, இதின்ர காணி எந்தக் கல்லோட தொடங்குது எண்டு ஒருத்தர் வந்து காட்டட்டும். அதுதான் கேக்கிறம்."

இதைவிடத் தெளிவாக இப்பிரச்சினையை எந்தச் சட்டத்தரணியும் எடுத்துரைத்ததாக நமக்கு நினைவில்லை.

சட்டத்தின் நிலை இதுதான். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி சரணாலயம் வேறு, தேசியப் பூங்கா வேறு. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம். அங்கே குடியிருப்போர் தமது சீவியத்தைத் தொடரலாம். பறவை விலங்குகளுக்குத் தீங்கு செய்யலாகாது, அவ்வளவே. தேசியப் பூங்காவோ அரச காணியில் அமைவது. அங்கே ஒருவன் அனுமதிச் சீட்டோடு உயிரினங்களைப் பார்க்க மட்டுமே செல்லலாம். எழுபத்தேழு ஆண்டு சரணாலயமாக இருந்த இடம் தேசியப் பூங்காவானபொழுது, வெறும் பெயர்ப்பலகை மாறியதாக நினைப்போர் தவறாக நினைக்கின்றனர். தந்தையும் பாட்டனும் வீச்சுவலை எறிந்த நீரில் மகன் பார்வையாளனாகிவிடக்கூடும். இத்துணைப் பெரிய மாற்றம், இடம்பெயர்ந்து மீண்டு வந்து கூரை வேய்ந்துகொண்டிருந்த மக்களுக்கு, அவர்களுடைய மொழியில், அவர்களுடைய ஊர் மடத்தில் விளக்கிக் கூறப்பட்டிருக்க வேண்டாமா? வர்த்தமானிப் பத்திரிகையை எந்தக் கமக்காரன் சந்தா கட்டி வாசிக்கின்றான்?

எனவே கமக்காரனின் ஐயம் நியாயமானது. ஆனால் அந்த ஐயத்திலிருந்து சிலர் புறப்பட்டு வந்து சேரும் முடிவு நியாயமானதன்று. "பூங்காவும் வேண்டாம், ஒதுக்கிடமும் வேண்டாம், எல்லாவற்றையும் இரத்துச் செய்" என்று மேடைகளில் முழங்குகின்றனர். இவர்கள் விடத்தல்தீவின் கதையைச் சிறிது கவனிக்க வேண்டும்.

விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடம் 29,180 ஹெக்டயர் பரப்புள்ளது. கண்டற்காடும், சேற்றுவெளியும், ஆழமற்ற கடலின் அடியில் சாதாழைப் படுகையும் அங்கே உள்ளன. (சாதாழையை வண்டில் வண்டிலாக ஏற்றிவந்து தோட்டத்துக்கு எருவாகத் தாட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கின்றது, அது வெறும் கடற்குப்பை என்று எண்ணுவோர் தமது பாட்டனாரைக் கேட்கலாம்.) ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வது இத்தகைய படுகைகளிலேயே. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு வர்த்தமானி வெளியாயிற்று. ஒதுக்கிடத்திலிருந்து 168 ஹெக்டயர் நீக்கப்படுவதாக அது அறிவித்தது. எதற்காக? நீருயிர் வளர்ப்புப் பண்ணைக்காக. சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இதிலிருந்து அறிய வேண்டியது யாது? சிறு வள்ளக்காரனுக்கு "தொடாதே" என்று சொல்லி வேலியிடப்பட்ட இடம், பெருமுதல் கேட்டபொழுது எட்டே ஆண்டில் திறந்துவிடப்பட்டது. சேர்த்த பேனாவே நீக்கியது. இரண்டு முறையும் ஊரவனிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை என்பதே அவ்வூர்களில் எழும் குரல். இந்நிலையில் ஒதுக்கிடமே வேண்டாமென்று நாம் கூச்சலிட்டால் வேலி கழலும். கழன்ற வழியாக நுழைபவன் நம்மூர்க் கமக்காரனாக இரான். இறால் பண்ணை எத்தகைய விருந்தாளி என்பதைப் புத்தளம், சிலாபம் கரைகளில் போய்க் கேட்கலாம். 1980களிலும் 1990களிலும் அங்கே கண்டலை வெட்டிக் குளம் வெட்டினர். பின்னர் வெண்புள்ளி நோய் வந்தது. பல குளங்கள் கைவிடப்பட்டன. உப்பேறிய அக்குழிகள் நெல்லுக்கும் உதவவில்லை, மீனுக்கும் உதவவில்லை.

இனித் தண்ணீருக்கு வருவோம். இது நமது பொறியியலாளர்களும் கமக்காரரும் கூடியிருந்து பேச வேண்டிய விடயம். உண்மையில் நாங்கள் மூவரும் அன்று வழி நெடுகப் பேசியதும் இதுவே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. சுண்ணக் கற்பாறையின் கீழ் மழைநீர் தேங்கி நிற்பதே நமது ஒரே நன்னீர்ச் சேமிப்பு. அதையும் இயந்திரம் வைத்து இறைத்து உவராக்கியும், இரசாயன உரத்தை அள்ளிக் கொட்டி நைத்திரேற்று ஏற்றியும் வருகின்றோம். இந்நிலையை முன்னரே உணர்ந்த பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அவர்கள் 1950களில் ஒரு திட்டம் வகுத்தார். "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்று அது பெயர் பெற்றது. சுண்டிக்குளத்தில் தொடுவாயை அணைகட்டி மூடுவது. ஆனையிறவு ஏரியை நன்னீராக்குவது. அந்நீரை முள்ளியானில் ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி வடமராட்சி ஏரிக்குக் கொண்டுபோவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணைகள் வைத்துக் கடல்நீர் ஏறாது தடுப்பது. இதுவே அதன் சாரம். சில வேலைகள் நடந்தன. சுண்டிக்குளத்து அணை எழுந்தது; வெள்ளம் அதை உடைத்தது. முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. அதன் பின்னர் யுத்தம் வந்தது.

2018ஆம் ஆண்டு டிசம்பரில் கிளிநொச்சியில் பெருவெள்ளம் வந்து இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டபொழுது, அவ்வளவு நீரும் சுண்டிக்குளத்தால் கடலுக்குப் போனதைக் கண்ட கமக்காரர் வயிறெரிந்தனர். நம்முடன் வந்தவரும் அவர்களுள் ஒருவர். "கடலுக்குப் போன தண்ணி போன தண்ணிதான்" என்றார்.

போன தண்ணீர்தானா? இங்கேதான் நமக்கும் அப்பெரியவருக்கும் கருத்து வேற்றுமை. ஏரியின் உவரை மாரிதோறும் கழுவி, தொடுவாயைத் திறந்து, இறால் குஞ்சுக்கு வாசல் விட்டு, வண்டலைக் கரைக்குத் தள்ளுவது அந்த நீரேயாகும். அத்தொடுவாயை நிரந்தரமாக மூடினால் ஏரி உடனே நன்னீராகிவிடும் என்று சொல்ல முடியாது. அடியிலுள்ள உவர் பல மாரிகளுக்கு நீரில் கரைந்துகொண்டேயிருக்கும். அதற்கிடையில் ஏரித்தொழிலை நம்பிய குடும்பங்கள் தொழிலிழக்கும். பறவைகளின் கதியும் கேள்விக்குறியாகும். மறுபுறத்தில், பறவைக்காக யாழ்ப்பாணத்துக் குழந்தை நைத்திரேற்று நீர் குடிக்கட்டும் என்று சொல்பவரோடும் நமக்கு உறவில்லை. அப்படிச் சொல்வோர் பெரும்பாலும் கொழும்பில் குழாய்நீர் குடிப்பவர்கள்.

இளைப்பாறிய பொறியியலாளரின் அபிப்பிராயம் நடுவழியானது. நாம் அதனை ஏற்கின்றோம். முதலில் வடமராட்சி ஏரியை எடுத்துக்கொள்வோம். அதன் நீரேந்து பரப்பு சிறிது. தொண்டைமானாற்றுக் கதவணை ஏற்கெனவே இருக்கின்றது. கதவுகளை ஒழுங்காகப் பேணி, மழை முடிந்ததும் மூடி, அடுத்த மழைக்கு முன் உவரை வெளியேற்றும் முறையை ஐந்தாறு ஆண்டு தவறாது நடத்திப் பார்க்கட்டும். சுற்றியுள்ள கிணறுகளின் உவரை மாதந்தோறும் அளந்து ஊரவர் காணப் பலகையில் எழுதி வைக்கட்டும். சுண்டிக்குளத்தை மூடுவதா, பகுதியாக அணைப்பதா, அப்படியே விடுவதா என்பதை அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு தீர்மானிக்கலாம். ஆறுமுகம் அவர்கள் திட்டம் வகுத்த காலத்தில் அவ்விடம் சரணாலயம் மட்டுமே. இன்று தேசியப் பூங்கா. ஆகவே நீர்ப்பாசனத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் ஒரே மேசையில் அமராமல் அங்கே ஒரு கல்லைக்கூட அசைக்க இயலாது. அந்த மேசையில் கமக்காரர் சங்கத்துக்கும் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் நாற்காலி உண்டா என்பதே நமது கேள்வி.

கரையோரப் பாதுகாப்பு என்றவுடன் நம் உத்தியோகத்தர்க்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நினைவுக்கு வருவது கண்டல் நடுகை. ஒரு பதாகை, ஒரு விருந்தினர், முழங்காலளவு சேற்றில் வெள்ளை உடுப்போடு ஒரு படம். 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் இலங்கைக் கரை முழுவதும் இவ்வாறு நட்டார்கள். 2017இல் ஆய்வாளர்கள் அதன் விளைவை வெளியிட்டனர். 23 இடங்களில் ஆயிரம் தொடக்கம் ஆயிரத்திருநூறு ஹெக்டயர் வரை நடப்பட்டதில், தேறியது இருநூறு ஹெக்டயரைச் சிறிது தாண்டியது மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுமே மிஞ்சவில்லை. காரணம் பெரிய மருமமன்று. எந்தக் கண்டல் எந்த நீர்மட்டத்தில் நிற்கும் என்று அறியாமல் நட்டார்கள். நட்டபின் எவரும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. நாற்று நட்டுவிட்டு வயலைக் கைவிட்ட கமக்காரனை ஊர் என்ன சொல்லும்? அதையே இவர்களுக்கும் சொல்லலாம். பல இடங்களில் அடைபட்ட நீரோட்டத்தைத் திறந்துவிட்டாலே கண்டல் தானாக முளைக்கும். விதை நீரில் மிதந்து வரும். வெட்டாமல் விட்டால் போதும்.

ஆகவே உங்கள் ஊரில் அடுத்த நடுகை விழாவுக்கு அழைப்பு வந்தால் தாராளமாகப் போங்கள். போய், மூன்றாண்டு கழித்து எத்தனை உயிரோடிருக்கும் என்று எண்ணப்போவது யார், அதற்குப் பணம் வைத்திருக்கின்றீர்களா என்று கேளுங்கள். விருந்தினர் முகம் சிறிது கோணலாம்.

பார்வையாளராகச் செல்லுதல் பற்றியும் ஒரு சொல். தமிழர்க்கு இது புதிய வழக்கமன்று. தொண்டைமானாற்றுக் கரையில் செல்வச் சந்நிதியில் புறப்பட்டு, கிழக்குக் கரை முழுவதையும் கால்நடையாகக் கடந்து, உகந்தை முருகன் சந்நிதியில் தங்கி, குமணக் காட்டினூடே கதிர்காமம் செல்லும் அடியார்கள், வனத்திற்குள் எப்படி நடக்க வேண்டுமென்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். நீர் காணுமிடத்தில் சத்தமிடார். விலங்கின் வழியை மறியார். "காட்டுக்குள்ளே அவன் ஆட்சி" என்பர். அந்தக் குமண 1970இல் யால கிழக்குத் தேசியப் பூங்காவாயிற்று. 1985 முதல் 2003 வரை யுத்தத்தால் மூடிக்கிடந்தது. 2006இல் தன் பழைய பெயரைப் பெற்றது. 2010இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக றம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இன்று ஆயிரமாயிரமாக அடியார் செல்கின்றனர். சிலர் சென்ற வழியைப் பிளாஸ்டிக் போத்தலே காட்டிக்கொடுக்கின்றது. பாட்டன் கமண்டலமும் சுரைக்குடுவையும் கொண்டு சென்ற வழி அது. முருகனைக் காணப் போகின்றவன் மானின் வயிற்றுக்குள் பொலித்தீனை வைத்துவிட்டுப் போவது என்ன நேர்த்திக்கடனோ, நாம் அறியோம்.

நிலாவெளிப் புறாத்தீவிலும் இதே கதை. 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவான அச்சிறு தீவைச் சுற்றிலும் பவளப்பாறைகள். பவளம் கல்லன்று, உயிர். அதன்மேல் ஏறி நின்று படம் பிடிப்பவர்களுள் நம் வைத்தியரும் ஆசிரியரும் இல்லையென்று துணிந்து சொல்ல முடியவில்லை.

இவ்வளவும் சொன்னது, போகவேண்டாம் என்பதற்கன்று. போகவேண்டும். படித்தவர் போகாத இடத்தில் என்ன நடந்தாலும் கேட்பாரில்லை. 1938இலிருந்து நம் கண்ணெதிரே கிடந்த சுண்டிக்குளத்தைப் பற்றி நம் கல்லூரிகளில் எத்தனை மாணவர் கட்டுரை எழுதியிருக்கின்றனர்? வங்காலையும் 2010இலேயே றம்சார் ஈரநிலமாயிற்று. மன்னாருக்குப் போகும் நம் உத்தியோகத்தர் பாதையோரத்தில் பூநாரையைக் கண்டு வண்டியை நிறுத்துகின்றனரேயன்றி அதற்கப்பால் விசாரிப்பதில்லை. அவ்வாறு போகும்பொழுது ஊர்ப் பையன் ஒருவனை வழிகாட்டியாக அழைத்துச் செல்லுங்கள். வள்ளக்காரனுக்குக் கூலி கொடுங்கள். மத்தியானச் சோற்றை அவ்வூரிலேயே உண்ணுங்கள். பறவை வந்தால் தன் வீட்டில் உலை கொதிக்கும் என்று கண்டவனுக்குப் பறவையைக் காக்கச் சட்டம் வேண்டியதில்லை. திணைக்களமும் சீட்டு விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கரையோரக் கிராம சபைகளுக்குத் திருப்பினால் தலையே போய்விடாது.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது சிறிய காரியம். சுண்டிக்குளம், விடத்தல்தீவு, நாகர்கோவில் ஆகிய மூன்றுக்கும் எல்லை வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு, எல்லையிலுள்ள ஒவ்வொரு கிராம அலுவலரின் காரியாலயச் சுவரிலும் ஒட்டுக. உறுதிக் காணியும் அனுமதிப்பத்திரக் காணியும் எல்லைக்குள் அகப்பட்டிருந்தால், பிரதேச செயலாளர், நில அளவையாளர், காணிக்காரர் மூவரும் நேரில் நின்று அளந்து தீர்க்குக. தீர்த்தபின் ஒரு ஏக்கரைச் சேர்ப்பதானாலும் நீக்குவதானாலும் அவ்வூர்ச் சங்கங்களின் கூட்டத்தில் வாசித்த பின்னரே வர்த்தமானியில் போடுக.

கண்டாவளைப் பெரியவர் கேட்டதும் இவ்வளவே. அடுத்த தை மாதத்திலும் சுண்டிக்குளம் போவதாக இருக்கின்றோம். தூரதரிசினியைத் தாமே வாங்கி வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கின்றார். எல்லைக் கல் மட்டும் இன்னும் வரவில்லையாம்.